பதினாறு அடி உயரத்தில்

4 ஜூன்

மதிப்பிற்குரிய அடுத்த வீட்டுக்காரருக்கு,

சம்பந்தி என்று எழுதத்தான் கை போனது. உங்கள் மகனும் என் மகளும் பிரிந்து மூன்று வருடம் ஆன பிறகு அந்தச் சொல்லை எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. அதனால்தான் அடுத்த வீட்டுக்காரர்.

போனில் பேசியிருக்கலாம். உங்கள் எண்ணை என் மகள் என் போனில் தடுத்து வைத்திருக்கிறாள். அதை எடுத்துவிடச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. நாம் கடைசியாகப் போனில் பேசியது உங்களுக்கும் மறந்திருக்காது. எழுதினால் தப்பாக வந்த வார்த்தையை அடித்துவிட்டு வேறு போடலாம். இந்தத் தாளில் எத்தனை அடித்தல் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

விஷயம் உங்கள் தூங்குமூஞ்சி மரம். நீங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய் இரண்டரை வருடம் ஆகிறது. மரத்தைப் பூட்ட முடியவில்லை, அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டு போகிறது. எட்டடி உயரத்தில் அது இரண்டாகப் பிரிகிறதே, ஒன்று உங்கள் மொட்டைமாடிப் பக்கம், இன்னொன்று மதிலைத் தாண்டி எங்கள் பின்னறைக்கு மேல். அந்தக் கவட்டையில் விரிசல் விட்டிருக்கிறது. போன மாதம் நகம் நுழைந்தது. இப்போது சுண்டுவிரல் நுழைகிறது. என் பிரமையோ என்று சந்தேகப்பட்டு, மதிலில் ஏணி சாத்தி, விரிசலுக்குக் குறுக்கே ஆஸ்பத்திரி பிளாஸ்டர் ஒட்டிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் பிளாஸ்டர் நடுவில் கிழிந்து கிடந்தது.

நான் இருபத்தாறு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறவள். எது விரிசல், எது வெறும் கோடு என்று யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

அந்தப் பின்னறையில்தான் நம் பேத்தி வாயாடி படுக்கிறாள். எட்டு வயது முடிந்ததும் தனியறை கேட்டு அடம்பிடித்தாள், போன மாதம்தான் அவள் கட்டிலை அங்கே போட்டோம். தினமும் மத்தியானம் காற்று கிளம்பியதும் எனக்கு எக்ஸ்ரே அறையில் இருப்புக் கொள்ளவில்லை. வருகிற நோயாளியிடம் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு நான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

நகராட்சியில் மனு கொடுத்தேன். மரத்தின் உரிமையாளர் சம்மதம் எழுத்தில் வேண்டுமாம். மரத்தை எடுத்துவிடுங்கள், அல்லது எடுக்கச் சம்மதம் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மதிலுக்கு இந்தப் பக்கத்தவள்


13 ஜூன்

சம்பந்தியம்மாவுக்கு,

கோர்ட் பிரித்தது பிள்ளைகளை. நம்மைப் பிரிக்க யாரும் மனுப் போடவில்லை. ஆகவே நான் சம்பந்தியம்மா என்றுதான் எழுதுவேன், பிடிக்காவிட்டால் அந்த வரியைத் தாண்டிப் படியுங்கள்.

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மடியில் வைத்து எழுதுகிறேன்.

முன்பு இலை விழுகிறது என்று ஒரு சண்டை. காய் செருப்பில் ஒட்டுகிறது என்று ஒரு சண்டை. இப்போது விரிசல். மரத்தின் மேல் உங்களுக்கு அப்படி என்ன கோபம்? என் மகன் மேல் இருக்க வேண்டியதை அதன் தலையில் கொட்டுகிறீர்களோ என்று நினைத்தேன்.

மரம் விழாது. பத்து வருடத்துக்கு முன்னால், பிள்ளைகள் கல்யாணத்துக்கு முந்திய வாரம், உங்கள் வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்துக்கொள்ள நானே ஏறி, இரண்டு பிரிவையும் சேர்த்துக் கம்பி போட்டு இறுக்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அவர் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத விட்டிருக்க மாட்டார். அது லிஃப்ட் கம்பி. புதுக் கம்பி. எட்டுப் பேரைப் பதினோரு மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகிற கம்பி, ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காதா? இரண்டு சுற்று, மூன்று கிளாம்ப். முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்திருக்கிறேன். நான் கட்டிய கம்பி அறுந்தது என்று ஒருத்தர் வந்து சொல்லட்டும், அன்றைக்கு மீசையை எடுத்துவிடுகிறேன்.

மேலோட்டமாகப் பட்டை வெடித்திருக்கும். வெயில்.

இன்னொன்று. குழந்தையின் கட்டிலை அந்த அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். மரம் விழாது, அது வேறு விஷயம். ஆனால் கட்டிலை எடுத்து வீட்டின் முன்பக்கம் போடுங்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த கையோடு. காற்று அடிக்கும் நேரத்தில் அவளைக் கொல்லைப் பக்கம் விடாதீர்கள்.

வாயாடிக்குப் பல் முளைத்துவிட்டதா? முன்பல் இரண்டும் விழுந்த கோலத்தில்தான் நான் கடைசியாகப் பார்த்தது.

இப்படிக்கு,
லிஃப்ட்காரர்


20 ஜூன்

அடுத்த வீட்டுக்காரருக்கு,

விழாத மரத்துக்குக் கீழேயிருந்து கட்டிலை எடுக்கச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான். உங்களுக்கே உங்கள் கட்டின் மேல் எவ்வளவு நம்பிக்கை என்று தெரிகிறது. கட்டிலை நீங்கள் சொல்வதற்கு முன்பே எடுத்துவிட்டேன். எனக்கும் மூளை இருக்கிறது.

பதினேழாம் தேதி மத்தியானம் மூன்றே முக்காலுக்கு எங்கள் பக்கத்துக் கிளை ஒன்று முறிந்து, தண்ணீர்த் தொட்டியை இரண்டாகப் பிளந்துவிட்டது. தொட்டிக்கும் வாயாடி ஜன்னலுக்கும் எத்தனை அடி என்று உங்களுக்குத் தெரியும். நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். வாயாடிதான் போன் செய்தாள். "பாட்டி, நம்ம வீட்டுக்கு மேல இருந்து ஆறு வருது" என்றாள். அவளுக்கு எல்லாம் வேடிக்கை. வெளியில் ஒரு ஆள் கையைத் தூக்கிப் பிடித்தபடி படத்துக்குக் காத்திருந்தார். அவரை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தேன். திரும்பிப் போய்க் கேட்ட திட்டு தனிக் கதை.

மறுநாளே மரம் வெட்டுகிறவரைக் கூட்டிவந்தேன். ஊரில் பெரிய மரங்களுக்கு அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். மதிலில் ஏறி உட்கார்ந்து கால்மணி நேரம் பார்த்தார். தட்டிப் பார்த்தார். பிறகு இறங்கி, "உள்ள ஏதாவது கட்டிருக்காங்களா?" என்றார். சொன்னேன். முகம் மாறிவிட்டது.

"யம்மா, மரத்துக்கு நான் பயப்படல. உள்ள இருக்கிற கம்பிக்குத்தான் பயம். மெஷின் சங்கிலி அதுல பட்டுச்சுன்னா அறுந்து தெறிக்கும். இழுத்துக் கட்டின கம்பி வேற, அது அறுந்தா சாட்டை மாதிரி சுத்தும். மேல நிக்கிறவன் நான்ல?"

காந்தம் வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. இரண்டு பிரிவும் பருத்து நடுவில் ஒட்டிக்கொண்டு, பட்டை கம்பியை விழுங்கி நாலு விரல் கனத்துக்கு மூடிவிட்டதாம், வெளியில் ஒரு தழும்புகூடத் தெரியவில்லை. "கட்டினவரக் கேட்டு, எந்த உயரத்துல ஓடுதுன்னு வரைஞ்சு வாங்குங்க. அது வராம நான் வரல."

ஆகவே எனக்கு மூன்று வேண்டும். சம்மதக் கடிதம். கம்பி எங்கே ஓடுகிறது என்று ஒரு படம். உங்கள் கேட் சாவி, ஏனென்றால் கிரேன் உங்கள் பக்கம்தான் நுழைய முடியும். கல்யாணத்தின்போது மதிலை உடைத்து இரண்டு வீட்டுக்கும் நடுவில் வழி வைத்தோம். அது இருந்திருந்தாலாவது நான் வந்துபோயிருப்பேன். செங்கல் வைத்து அடைத்தது நீங்கள். இன்னும் பூச்சுக்கூடப் பூசாமல் அப்படியே நிற்கிறது, தினமும் துணி உலர்த்தும்போது அதைத்தான் பார்க்கிறேன்.

ஒரு நாள் பஸ் ஏறி வந்து பார்த்திருக்கலாம். ஐந்து மணி நேரப் பயணம். உங்கள் பேத்திக்காகக்கூட வர மனம் இல்லாதவரிடம் நான் வேறென்ன கேட்பது? அவள் அப்பா எந்த நாட்டில் இருக்கிறான் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. நீங்களும் அதே வழிதானா?

கடைசி வரியை அடிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

இப்படிக்கு,
மதிலுக்கு இந்தப் பக்கத்தவள்

பி.கு.: பல் முளைத்துவிட்டது. ஒன்று கொஞ்சம் கோணல்.


26 ஜூன்

சம்பந்தியம்மாவுக்கு,

நீங்கள் கேட்ட மூன்றும் இதோடு இருக்கிறது.

சம்மதம் தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். படத்துக்குக் கெட்டியான தாள் எதுவும் கைக்கு அகப்படவில்லை, கிடைத்த ஒரு பெரிய உறையின் முதுகில் வரைந்திருக்கிறேன். கம்பி தரையிலிருந்து பதினாறு அடி உயரத்தில் ஓடுகிறது. இரண்டு சுற்றும் ஒன்றின் மேல் ஒன்று. கிளாம்ப் மூன்றும் என் வீட்டுப் பக்கம். பதினாறு அடி. நன்றாகக் கணக்குப் போட்டுத்தான் எழுதியிருக்கிறேன். மரம் வெட்டுகிறவரிடம் அதற்கு மேலேயும் கீழேயும் இரண்டடி விட்டுவிடச் சொல்லுங்கள்.

சாவியை நான் இங்கே வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரர் தனியாகப் பொட்டலம் கட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறார். கேட் கீழே உரசும், கொஞ்சம் தூக்கித் திறக்க வேண்டும்.

நேரில் வர முடியவில்லை. இங்கே ஒரு வேலையில் மாட்டிக்கொண்டிருக்கிறேன், நடுவில் விட்டுவிட்டு எழுந்து வர முடியாத வேலை. மகன் வெளிநாட்டில்தான் இருக்கிறான். எந்த நாடு என்று சொன்னால் உங்கள் மகள் வருத்தப்படுவாளோ, சொல்லாவிட்டால் வருத்தப்படுவாளோ, எனக்குத் தெரியவில்லை. கேட்டால் சொல்கிறேன்.

அதே வழிதானா என்று கேட்டீர்கள். அந்த வரியை அடித்திருக்கலாம்.

லிஃப்ட்காரர்


1 ஜூலை

சம்பந்திக்கு,

நீங்கள் படம் வரைந்து அனுப்பியது எக்ஸ்ரே உறை. இருபத்தாறு வருடமாக ஒரு நாளைக்கு நாற்பது உறையில் பெயர் எழுதுகிறவளிடம் அதை அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லையா? மூலையில் இருந்த சீட்டைக் கிழிக்கப் பார்த்திருக்கிறீர்கள். பாதிதான் வந்திருக்கிறது. மீதியில், ஆண், வயது அறுபத்து மூன்று, இடது இடுப்பு, தேதி ஜூன் எட்டு.

நடுவில் விட்டுவிட்டு எழுந்து வர முடியாத வேலை. நல்ல வேலைதான்.

இடுப்பு எலும்பா, தொடை எலும்பின் கழுத்தா? ஆணி போட்டார்களா, கிண்ணமே மாற்றிவிட்டார்களா? எங்கே விழுந்தீர்கள்? யார் துணைக்கு இருக்கிறார்கள்? மகன் வந்தானா? ஜூன் எட்டில் முறித்துக்கொண்டு பதின்மூன்றாம் தேதி மீசையை எடுப்பேன் என்று சவால் விட்டு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீறாப்புக்கு ஒரு அளவே இல்லை.

என் மகளிடம் சொன்னேன். "அவருக்கென்ன, பாத்துக்க ஆளா இல்ல" என்றாள். பிறகு பாத்திரம் கழுவப் போனாள். ரொம்ப நேரம் குழாய்ச் சத்தம் மட்டும்தான் கேட்டது. எட்டிப் பார்த்தால் ஒரு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறாள்.

பேத்திக்காகக்கூட வர மனம் இல்லாதவர் என்று எழுதியதற்கு வருத்தப்படுகிறேன். அடித்துத் திருத்த அந்தக் கடிதம் இப்போது என்னிடம் இல்லை.

மர விஷயம். நகராட்சி அனுமதி வந்துவிட்டது. புதன்கிழமை, எட்டாம் தேதி, மேல்கிளைகளையெல்லாம் இறக்குகிறார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அடிமரம். நீங்கள் சொன்னபடி பதினாறு அடியில் இருக்கும் கம்பியைத் தொடவே போவதில்லையாம். கிரேனில் பிடித்துக்கொண்டு, அதற்குக் கீழே பதினோரு அடியில் மெஷின் வைத்து, கம்பி உள்ள துண்டை அப்படியே முழுசாக இறக்கிவிடுவாராம். "அஞ்சடி இடம் இருக்கு யம்மா, மெத்தையில படுத்த மாதிரி" என்கிறார். படத்தைப் பார்த்து உங்களைப் புகழ்ந்தார், இவ்வளவு சுத்தமாக யாரும் வரைந்து தந்ததில்லையாம்.

அதுவரை எனக்கு நிம்மதி இல்லை. பிளாஸ்டர் ஒட்டுவதை விட்டுவிட்டேன், ஒட்டிய அன்றே கிழிகிறது. காற்று வந்தால் கவட்டையிலிருந்து ஒரு சத்தம் கேட்கிறது. நாற்காலியில் கனத்த ஆள் உட்கார்ந்தால் வருமே, அந்தச் சத்தம். வாயாடியை வகுப்பு முடிந்ததும் நேரே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ஈயக் கவசத்தைப் போட்டுக்கொண்டு என் நாற்காலியில் ராணி மாதிரி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.

எங்கே விழுந்தீர்கள் என்று எழுதுங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் கேட்பேன்.

உங்கள் பேத்தியின் பாட்டி


9 ஜூலை

சம்பந்தியம்மாவுக்கு,

இன்று காலையில் போனில் கத்தியதற்கு மன்னியுங்கள். மூன்று வருடம் கழித்து ஒருத்தரைக் கூப்பிட்டு, நலமா என்றுகூடக் கேட்காமல், "மெஷின நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்துகிறவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். என் எண்ணிலிருந்து வராது என்பதால் நர்ஸின் போனைப் பிடுங்கிக்கொண்டேன். உங்கள் எண் எனக்கு மனப்பாடம். நீங்கள் "யாரு?" என்றுகூடக் கேட்கவில்லை. போனை வைக்காமலே "நிறுத்துங்க!" என்று நீங்கள் ஓடியது எனக்குக் கேட்டது. அப்புறம் போன் எங்கேயோ விழுந்துவிட்டது போலிருக்கிறது. காற்றும் மெஷின் சத்தமும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன. பிறகு மெஷின் நின்றது. அந்த நேரம் வரைக்கும் நான் பட்ட பாட்டை எழுத எனக்குத் தெம்பு இல்லை. நர்ஸ் என் நாடியைப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

நீங்கள் திரும்ப எடுத்துப் பேசியபோது "பதினோரடி, பதினோரடி" என்று மட்டும் உளறினேன். ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

பத்து வருடத்துக்கு முன்னால் நான் கம்பி கட்டியது பதினோரு அடி உயரத்தில். அளவு நாடா வைத்து அளந்து கட்டியது, நன்றாக நினைவிருக்கிறது. உங்களுக்குப் படம் வரையும்போது ஒரு கணக்குப் போட்டேன். மரம் வருடத்துக்கு அரை அடி வளர்ந்தாலும் பத்து வருடத்தில் ஐந்தடி. மரத்தோடு கம்பியும் மேலே போயிருக்கும். பதினொன்றும் ஐந்தும் பதினாறு. எழுதிவிட்டு, இதெல்லாம் நமக்குத் தானாகத் தோன்றுகிறதே என்று பெருமைப்பட்டேன். பழைய அளவையும் எழுதியிருந்தால் மரம் வெட்டுகிறவராவது சிரித்திருப்பார். கூட்டிய கணக்கை மட்டும் கொடுத்தேன்.

இன்று காலை அடுத்த கட்டிலில் இருப்பவரிடம் இந்தப் பெருமையை அளந்துகொண்டிருந்தேன். அவர் நாற்பது வருடம் மரவாடி வைத்திருந்தவர். முதலில் நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

"மரம் நுனியிலதாங்க வளரும். அடி மரம் பருக்குமே தவிர மேல ஏறாது. மார் உயரத்துல அடிச்ச ஆணி நூறு வருஷம் போனாலும் மார் உயரத்துலதான் இருக்கும்."

மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. உங்கள் கடிதம் தலையணைக்கு அடியில். பதினோரு அடியில் மெஷின் வைக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மெத்தை என்று சொன்னாரே அந்த மனுஷர், அவர் படுக்கப் போன இடத்தில் என் கம்பி.

முப்பத்தெட்டு வருடம் லிஃப்டோடு இருந்தவன் புத்தி. பொத்தானை அழுத்திவிட்டால் எல்லாம் மேலே போய்விடும் என்று நம்புகிற புத்தி.

இதோடு நின்றால் பரவாயில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும், மரம் வெட்டுகிறவர் மறுபடி ஏறுவதற்கு முன் சொல்ல வேண்டும். இது சாயங்காலத் தபாலில் போகிறது, இது கைக்கு வரும்வரை யாரையும் ஏற விடாதீர்கள் என்று காலையில் கெஞ்சியது அதற்குத்தான். வார்டில் பத்துப் பேருக்கு நடுவில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அது புதுக் கம்பி இல்லை. ஒரு கட்டிடத்தில் லிஃப்டிலிருந்து கழித்த கம்பி. அங்கங்கே இழை விட்டிருந்தது, அதனால்தான் கழித்தோம். கழித்த கம்பியை அங்கேயே துண்டு துண்டாக நறுக்கிப் போட வேண்டும் என்பது விதி. யாராவது எடுத்துப் போய் வேறெங்காவது கட்டித் தொலைத்துவிடக் கூடாது என்பதற்காக. எனக்குக் கீழே வேலை பார்த்த அத்தனை பேருக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஒரு தடவை ஒருத்தன் நறுக்காமல் விட்டதற்காக அவனை வேலையை விட்டே அனுப்பியிருக்கிறேன். மரத்துக்குத்தானே, மனுஷனுக்கா என்று நினைத்து ஒரு சுருளை வண்டியில் போட்டுக்கொண்டு வந்தேன். உங்கள் வீட்டுக்காரரிடம் புதுசு என்று சொன்னேன். அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு என்னை வாய் ஓயாமல் பாராட்டினார்.

அந்தக் கம்பியை நம்ப வேண்டாம். இரண்டு பிரிவையும் முதலில் புது பெல்ட் போட்டு இறுக்கிக்கொண்டு, கவட்டையை ஒட்டி ஒன்பது அடியில் வெட்டச் சொல்லுங்கள்.

திட்டுவதென்றால் எழுதித் திட்டுங்கள். நான் கிழிக்காமல் படிக்கிறேன்.

லிஃப்ட்காரர்


19 ஜூலை

சம்பந்திக்கு,

திட்டி மூன்று கடிதம் எழுதினேன். மூன்றையும் கிழித்துப் போட்டேன். இது நாலாவது.

நீங்கள் கூப்பிட்டபோது அவர் ஏணியின் மேல் நின்று மெஷினைக் கிளப்பிவிட்டிருந்தார். சங்கிலி பட்டையைத் தொட்டுத் தூள் பறக்க ஆரம்பித்திருந்தது. நான் போட்ட கூச்சலில் கிரேன் ஓட்டுகிறவர்தான் முதலில் திரும்பினார். மெஷினை அணைத்துவிட்டு இறங்கியவரிடம் பதினோரு அடி என்றேன். உளியை எடுத்துக்கொண்டு மேலே ஏறி, மெஷின் கீறிய இடத்திலேயே செதுக்கினார். மூன்று விரல் ஆழத்தில் துரு தெரிந்தது. இன்னும் ஒரு விரல் போனால் கம்பி. இறங்கி வந்து மதிலில் சாய்ந்து உட்கார்ந்தார், நீங்கள் செங்கல் வைத்து அடைத்த இடத்தில். தண்ணீர் கேட்டார். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள் இருக்கிறார்களாம். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

உங்கள் கடிதம் வந்த பிறகுதான் மறுபடி ஏறினார். நீங்கள் சொன்னபடியே பெல்ட், ஒன்பது அடி. பதினைந்தாம் தேதி மத்தியானம் ஒரு மணிக்கு மரம் இல்லை. எங்கள் பின்னறைக்குள் இத்தனை வெளிச்சம் வரும் என்று எனக்குத் தெரியாது. சுவரில் வாயாடி கிறுக்கி வைத்ததெல்லாம் தெரிகிறது.

கம்பி உள்ள துண்டைத் தூக்கிப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து ஒரு கையகலம் கைரம்பத்தால் அறுத்துத் தரச் சொல்லி, துணியில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சாப்பாட்டு இடைவேளையில் அதைப் படுக்க வைத்து ஒரு படம் எடுத்தேன். பிடிபட்டிருந்தால் இருபத்தாறு வருடமும் போயிருக்கும். கூட வேலை பார்க்கிற பெண், "இவருக்கு எங்க அடி?" என்றாள். இதோடு அந்தப் படத்தை வைத்திருக்கிறேன். ஒழுங்கான உறையில்.

வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மரம் சாம்பலாகத் தெரிகிறது, கம்பி வெள்ளையாக. மேல் சுற்று முழுசாக அறுந்திருக்கிறது, முனை பிரிந்து துடைப்பம் மாதிரி. கீழ்ச் சுற்றில் நான் பூதக்கண்ணாடி வைத்து எண்ணினேன். எட்டுப் புரியில் ஐந்து இல்லை.

மூன்று புரி. வாயாடியின் தலைக்கு மேல் ஒரு மாதம் அதுதான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. பட்டையும் பழக்கமும் மீதியைப் பார்த்துக்கொண்டன.

எனக்குக் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று பொய் எழுத மாட்டேன். என் வீட்டுக்காரர் உங்களை நம்பி ஏணியைப் பிடித்தார். நாங்கள் எல்லோரும் உங்களை நம்பி அதற்குக் கீழே படுத்தோம். கழித்ததை எடுத்துக் கட்டிவிட்டுப் பத்து வருடம் எப்படி வாயைத் திறக்காமல் இருந்தீர்கள்? அதே சமயம், அந்த போனை நீங்கள் செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் யோசிக்கிறேன். இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியவில்லை. நேற்று வலது முழங்காலுக்குப் பதில் இடது முழங்காலை எடுத்துவிட்டேன்.

உங்கள் எண்ணைத் திறந்துவிட்டேன். என் மகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

கேட் சாவி என்னிடம்தான் இருக்கிறது. திருப்பி அனுப்பப் போவதில்லை.

இத்தனை எழுதியிருக்கிறீர்கள், எங்கே விழுந்தீர்கள் என்று மட்டும் எழுதவில்லை. மறுபடி கேட்பேன் என்று சொல்லியிருந்தேன். கேட்கிறேன்.

உங்கள் பேத்தியின் பாட்டி


25 ஜூலை

சம்பந்தியம்மாவுக்கு,

படம் வந்தது. வார்டு ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். மரவாடிக்காரரும் பார்த்தார். நானும் எண்ணினேன். மூன்றுதான்.

முந்தாநாள் நர்ஸிடம் கத்தரியும் கண்ணாடியும் வாங்கி மீசையை எடுத்துவிட்டேன். சொன்ன சொல். முகம் எனக்கே அடையாளம் தெரியவில்லை, வாயாடி பார்த்தால் பயப்படுவாள்.

தொடை எலும்பின் கழுத்து. ஆணி போட்டிருக்கிறார்கள். தையல் ஆற நாளாகிவிட்டது, அதனால்தான் இத்தனை நாள் வைத்திருக்கிறார்கள். மகனுக்குச் சொல்லவில்லை. சொன்னால் வராமல் போய்விடுவானோ என்று பயம், சொல்லாமல் இருந்தால், சொல்லியிருந்தால் வந்திருப்பான் என்று நினைத்துக்கொள்ளலாம். வாடகை வீட்டுக்காரர்தான் தினமும் வந்து பார்க்கிறார். இப்போது கைப்பிடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடக்கிறேன். ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டாம் மாடியில் நிற்கும்போது ஒரு சத்தம் போடுகிறது, சொன்னால் யாரும் கேட்பதில்லை.

எங்கே விழுந்தேன் என்று கேட்டீர்கள். மூன்றாவது தடவை கேட்டால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பஸ் நிலையத்தில். நாலாம் தேதி நீங்கள் போட்ட கடிதம் எட்டாம் தேதி காலையில் வந்தது. நின்றுகொண்டே படித்தேன். விரிசல் என்று எழுதியிருந்த இடத்தில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை, கம்பி பிடித்துக்கொள்ளும், பத்து வருடமாகப் பிடித்துக்கொண்டுதானே இருக்கிறது என்று வழக்கம்போல எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வரியில் வாயாடியின் கட்டில் அங்கே இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அது எனக்குத் தெரியாது. அந்த அறையில் பழைய சாமான்தான் கிடக்கும் என்று நினைத்திருந்தேன்.

கதவைப் பூட்டினேனா என்றுகூட நினைவில்லை. பையில் பெல்ட் இரண்டும், புதுக் கம்பி ஒரு சுருளும், ஸ்பேனரும் போட்டுக்கொண்டு ஓடினேன். உங்கள் ஊர் பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. ஓடிப் படியில் கால் வைத்தேன். பையின் கனம் பின்னால் இழுத்துவிட்டது.

ஸ்ட்ரெச்சரில் வந்து படுத்ததும் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். கம்பி கழித்தது, குழந்தையை எடுங்கள் என்று. கட்டிலை எடுங்கள் என்று எழுத மட்டும்தான் எனக்குத் தைரியம் வந்தது. அதுவும் ஐந்து நாள் கழித்து. மீதியெல்லாம் வீறாப்பு. இதை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை, கேட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

அந்தப் பை இன்னும் என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. பிரிக்கவே இல்லை. அடுத்த புதன்கிழமை என்னை அனுப்புகிறார்கள். எந்த வீட்டுக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட ஒரு தாள் தந்திருக்கிறார்கள், இன்னும் நிரப்பவில்லை. சாவி உங்களிடம் இருக்கிறது.

லிஃப்ட்காரர்